பிரேக் ஒயில் மாற்றக் கொடுக்கும்போது

முகவர் நிறுவனத்தின் சேர்விஸ் பிரிவில் காரை ஒப்படைக்கும்போது எஞ்சின் ஒயிலைப் பற்றி விசாரிக்கும் பலர், பிரேக் ஒயிலைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. கொழும்பின் கடலோரப் புழுக்கத்தில் இதைச் சொல்லவும் வேண்டுமா? டொட் 4 (DOT 4) எனும் பிரேக் ஒயில் வகைக்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ், ஏறத்தாழ 3.7 சதவீத நீர் சேர்ந்த பின்னர் 155 பாகை மட்டுமே. கண்டியிலிருந்து இறங்கும்போது கடுகண்ணாவச் சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூடேறிய பழைய ஒயில் கொதித்து, குழாய்களில் ஆவிக்குமிழிகள் உருவாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடக்கூடும்.

பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர். உங்கள் காரின் கைந்நூலில் உள்ளதையே பின்பற்றுங்கள். பிரேக் ஒயில் தாங்கியில் இருப்பதை மட்டும் உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றினால் குழாய்களிலும் சில்லுகளின் அருகிலும் பழையது அப்படியே தங்கிவிடும் என்பதால், நான்கு சில்லுகளின் ஊடாகவும் பழைய ஒயிலை வெளியேற்ற வேண்டுமென வேலைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முத்திரை உடைக்காத போத்தலை உங்கள் முன்னிலையில் திறக்கக் கேட்பதில் தவறில்லை. உரிய வகை பெரும்பாலும் தாங்கியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட டொட் 5 வகையை மற்றவற்றுடன் கலக்கக் கூடாது.

காரைத் திரும்பப் பெறுகையில், முற்றத்திலேயே எஞ்சினை இயக்கி மிதியை அழுத்திப் பாருங்கள். அது உறுதியாக நிற்க வேண்டும். பெயின்ற்றில் ஒயில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், விட்டால் அரித்துவிடும்.