உப்புக்காற்றில் ஓடும் வண்டியின் பின் ஆக்ஸில்: பழுதும் பலப்படுத்தலும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் ஓடும் வண்டிகளில் முதலில் கெடுவது பின்பக்கம்தான். முன் டயர் வாரி அடிக்கும் ஈரமணல் நேராகப் போய் ஒட்டுவது பின் ஆக்ஸிலில். மீன் ஏற்றும் வண்டி என்றால், ஐஸ் கரைந்து ஒழுகும் தண்ணீர் ஸ்பிரிங் பட்டை, யூ போல்ட், பிரேக் பைப் எல்லாவற்றின் மேலும் நாள் முழுக்கச் சொட்டுகிறது. அதனால் இந்தக் கரையில் பின்பக்க வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர் புகும் வழியை அடைக்க வேண்டும், அடுத்து தேய்ந்ததை மாற்ற வேண்டும், கூடுதல் பட்டை போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பலர் கடைசி வேலையை முதலில் செய்துவிட்டு, ஆறு மாதத்தில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பற்சக்கரங்களையே மாற்றுகிறார்கள்.

கீழே வருவது பொலிரோ, பிக்கப், பழைய ஆம்னி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கானது. முன்சக்கர இழுவைக் கார்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

தூக்குவதற்கு முன்

மணல் தரையில் ஜாக்கி தானாகவே புதையும். ஒன்றரை அடிச் சதுரமுள்ள கனமான பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுக்கவே கூடாது, சொல்லாமல் நொறுங்கும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். பின்சக்கர இழுவை வண்டியில் கியர் பிடிப்பதும் அதையேதான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டுமே வண்டியை நிறுத்தாது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். பட்டை கழற்றும் வேலையென்றால் ஸ்டாண்டு சேஸிஸில் நிற்கட்டும், ஜாக்கி ஆக்ஸிலைத் தாங்கட்டும்.

அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டுத்தான் எதையும் பார்க்க வேண்டும். இங்கே போர் தண்ணீரே பல ஊர்களில் உப்பு. கழுவிக் காய்ந்தபின் இரும்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால், உப்பை உப்பாலேயே கழுவியிருக்கிறீர்கள் என்று பொருள். மண்ணைப் போக்க போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள், பட்டை இடுக்கு, டிரம், பிரேக் பைப் கிளிப் மூன்றுக்கும்.

டிஃப்ரன்ஷியல்: ஆயிலும் பிரீதரும்

பின் ஆக்ஸிலின் நடுவே பற்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதிதான் டிஃப்ரன்ஷியல். ஆக்ஸில் குழாயின் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மூடி இருக்கும். அதுதான் பிரீதர். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அந்த அழுத்தம் இந்த வழியாக வெளியேறும். மணலும் துருவும் சேர்ந்து இது அடைத்துக்கொண்டால் இரண்டு கேடு வரும். ஒன்று, அழுத்தம் வேறு வழியில்லாமல், ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீலைத் தள்ளி ஆயிலை வெளியே கொட்டும். இரண்டாவது இன்னும் மோசம். படகு இழுக்கவோ மீன் ஏற்றவோ, ஓடிச் சூடான வண்டியை அப்படியே அலைத்தண்ணீரில் பின்பக்கமாக இறக்கும்போது ஆக்ஸில் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி, சீல் உதடு வழியாகக் கடல்தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது.

இதைத் தெரிந்துகொள்வது சுலபம். மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வராமல் இருந்தால் கீழ் டிரெய்ன் பிளக்கைத் தொடாதீர்கள், ஆயிலை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். ஃபில்லர் துளையில் விரலைவிட்டு எடுத்துப் பாருங்கள். தேன் நிறமோ கறுப்போ பரவாயில்லை. பால் விட்ட டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே முழுதும் வடியுங்கள். டிரெய்ன் பிளக் காந்தத்தில் மை போன்ற தூள் இருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தால் நெருடினால் உணரக்கூடிய செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது, மூடாமல் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும்தான் என்றால், புது ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் தண்ணீர் போகாது. மண்ணெண்ணெய் விட்டு அலசுவது வேண்டாம், குழாய்க்குள் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

இந்த வகை (ஹைப்பாய்டு) கிரவுனுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் கட்டாயம். கெட்டித்தன்மையில் 80டபிள்யூ-90தான் பொதுவாகப் போவது, இருந்தாலும் வண்டிப் புத்தகத்தில் உள்ள கிரேடையே போடுங்கள். வண்டி சமதரையில் நிற்க, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் அதுதான் சரியான அளவு.

இங்கே ஒருவர் செய்யக்கூடிய மிகச்சிறந்த மாற்றம் பிரீதரை மேலே ஏற்றுவதுதான், செலவும் குறைவு. மூடியைக் கழற்றி அதே மரையில் ஹோஸ் நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் 8 மி.மீ. ஹோஸைச் சேஸிஸ் வழியாக, சுமை ஏற்றும் தொட்டியின் தரைமட்டத்துக்கு மேலே கொண்டுபோங்கள். நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், அதில் சிறிய ஃபில்டர் ஒன்று. நடுவில் எங்கும் தொய்ந்து பள்ளம் விழக் கூடாது, அங்கே தண்ணீர் தங்கி வழியை அடைக்கும். ஆக்ஸில் முழுதாகக் கீழே தொங்கும்போதும் ஹோஸ் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள்.

டிஃப்ரன்ஷியலின் முன்முனையில் உள்ள பினியன் சீலில் கசிவு இருந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் தட்டான ஃபிளாஞ்சைக் கழற்றுமுன் நட்டு, ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் பஞ்ச் அடையாளம் வையுங்கள், வெளியே தெரியும் மரையையும் எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் உள்ள வண்டியில் அந்த அடையாளத்தைத் தாண்டி இறுக்கினால் பேரிங் கூடுதல் அழுத்தத்தில் வெந்துபோகும். ஏர் கன் இங்கே வேண்டவே வேண்டாம்.

ஆக்ஸில் சீலும் பிரேக்கும்

சக்கரத்தின் உள்பக்கம் ஈரமும் கியர் ஆயில் வாடையும் இருந்தால் ஆக்ஸில் சீல் போய்விட்டது. ஷாஃப்ட்டை உருவியதும் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். சீலைச் சற்றே தள்ளி அடித்து உதடு புது இடத்தில் படச் செய்யலாம், இல்லையேல் பள்ளத்தின்மேல் ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறை போட வேண்டும். பேரிங்கை நகராமல் பிடிக்கும் ரீடெய்னர் வளையத்தை உளியால் பிளந்து எடுங்கள், கேஸ் வைத்து வெட்டினால் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும்.

ஆயில் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் தேய்த்து மாட்டுகிறார்கள். சூடானதும் உள்ளிருக்கும் ஆயில் மறுபடி கசிந்து வரும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். இரண்டு பக்கமும் புது லைனிங் போடுங்கள். டிரம்மின் அதிகபட்ச விட்டம் அதிலேயே பொறித்திருக்கும், லேத்தில் அதைத் தாண்டிக் கடையக் கூடாது. செட்டிங்கில் முதலில் லைனிங், பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள்.

ஆக்ஸில்மேல் ஓடும் பிரேக் பைப்பை கிளிப்பைத் தூக்கிப் பாருங்கள், துரு தின்பது அதற்கு அடியில்தான். மாற்றும்போது காப்பர்-நிக்கல் பைப் போட்டால் இந்த உப்புக்கு நெடுநாள் தாங்கும். வெறும் செம்புக்குழாய் பிரேக்குக்கு ஆகாது, அதிர்வில் வெடிக்கும்.

பட்டையும் கூடுதல் பட்டையும்

பட்டை உடைவது பெரும்பாலும் துருக்குழியிலிருந்தும் சென்டர் போல்ட் துளையிலிருந்தும். மெயின் பட்டையின் நுனியில் போல்ட் போகும் வளையமான கண்ணின் ஓரத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். பட்டையில் வெல்டிங் வைப்பது வேண்டாம்.

பட்டைக்கட்டை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாது. அது இழுபட்டு நீண்டிருக்கும், எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது. பிடி தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். புதியதைக் குறுக்குமாறாக, நாலைந்து சுற்றில் சிறிது சிறிதாக இறுக்கி, புத்தகத்தில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) முடியுங்கள். பட்டையின் இரு நுனிகளையும் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள், ஹேங்கர் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நின்று வண்டி எடை பட்டையில் விழுந்தபின்தான். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டி, சீக்கிரமே கிழியும். ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காதே என்று இங்கே போடுகிறவர்கள் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸுக்கு, தலையில் 10.9 என்று பொறித்த உயர்வலு போல்ட்டின் வலு இல்லை.

கூடுதல் பட்டை போடுவதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். சுமையால் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். பட்டை கூடிப் பின்பக்கம் உயர்ந்துவிட்டால், முழுச் சுமையிலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக்கின் பிடி குறையும், வண்டி நிற்கும் தூரம் கூடும். பட்டை மாற்றிய அன்றே அந்தக் கம்பியையும் செட் செய்ய வேண்டும். பினியன் கோணமும் மாறுவதால் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்தால், ஆப்பு வடிவத் தகட்டால் கோணத்தைத் திருத்துங்கள். பட்டை கூட்டினாலும் ஆர்சி-யில் உள்ள அனுமதி எடை உயர்ந்துவிடாது. ஆக்ஸிலும் பேரிங்கும் அதே பழைய அளவுதான்.

மேல்பூச்சு

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பதை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ் ஊதும், டிரம்முக்குள் இறங்கும், மணல் ஒட்டும். துருவின் மேலேயே தார்ப்பூச்சு அடித்தாலும் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுதான். கம்பி பிரஷ், நல்ல தண்ணீர், முழுதாகக் காயவிடுதல், துருவைக் கெட்டிப் படலமாக்கும் துரு மாற்றி மருந்து, ஜிங்க் பிரைமர், அதன்மேல் மெழுகு வகைப் பூச்சு என்ற வரிசையில் செய்யுங்கள். மீன் வண்டிக்குத் தொட்டி மூலையிலிருந்து ஒரு ஹோஸ் இறக்கி, வடிநீரைக் கேனில் பிடித்துக்கொண்டால் பாதிச் சேதம் குறையும்.

முன்சக்கர இழுவைக் கார்களில் பார்க்க வேண்டியவை குறைவு. காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காரும் தட்டில் மணல் தேங்கி, அங்கேதான் ஸ்பிரிங் ஒடியும். ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள். பின் ஹப் பேரிங் உறுமினால், வளைவில் திரும்பும்போது சத்தம் கூடுவதை வைத்து எந்தப் பக்கம் என்று பிடித்துவிடலாம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் எடை வலப்பக்கம் ஏறும், அப்போது கூடினால் வலது பேரிங்.

எந்த வண்டியானாலும் வேலை முடிந்து நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி டார்க் வையுங்கள். ஐந்நூறில் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல்விட்டு ஆயில் நிறத்தை இன்னொரு முறை பாருங்கள்.