பழைய ஆர்.சி. விமானக் கிட்டில் கத்தி வைப்பதற்கு முன்

அமெரிக்காவில் மாடல் விமானக் கிளப்புகள் நடத்தும் பழைய சாமான் சந்தைகளில் இப்போது இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். நுரையால் ஆன ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) விமானங்களில் பறக்கக் கற்றவர்கள், 1960களின் பால்சா கிட் (லேசான பால்சா மரப் பாகங்களும் பிளானும் வைத்து, நாமே கட்டிக்கொள்ளத் தரும் தொகுப்பு) ஒன்றைப் பெட்டியோடு வாங்கிப் பத்திரமாக எடுத்துப் போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிட் விமானமாகிக் களத்துக்கு வரும்போது, எங்கள் தலைமுறை எப்போதோ செய்து நொந்த அதே தவறுகள் அதில் வரிசையாக இருக்கின்றன.

ஐலெரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) எதிர்த்திசையில் ஓடுவது, பேட்டரியை சார்ஜ் செய்யாமல் வருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் களத்தில் நிற்கிற யாரும் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். வீட்டு மேசையிலேயே நடந்து முடிந்துவிடுகிற தவறுகள்தான் என் கவலை.

நகலெடுக்காமல் வேலையைத் தொடங்குவது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் கிளப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையன் டாப் ஃபிளைட் நிறுவனத்தின் டாரஸ் கிட் ஒன்றை வாங்கினான். பாகங்கள் கட்டு அவிழ்க்காமல் இருந்தன. டாரஸை வடிவமைத்தவர் எட் காஸ்மிர்ஸ்கி. 1960-ல் சுவிட்சர்லாந்தின் டூபெண்டார்ஃபில் நடந்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களுக்கான முதல் உலகப் போட்டியில் தன் ஓரியன் விமானத்தோடு வென்றவர். அப்படிப்பட்டவரின் கைவேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

உதவி கேட்டான் என்று அவன் வீட்டுக்குப் போனேன். பிளானைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, பிளைவுட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தான். ரிப்புகளை (இறக்கைக்கு வளைவைக் கொடுக்கும் குறுக்குப் பாகங்களை) பலகையிலிருந்து கட்டைவிரலால் அழுத்தியே வெளியே எடுத்திருந்தான். பாதிக்கு மேல் வால் முனையில் உடைந்து கிடந்தன. சரி, உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாக வெட்டிக்கொள்ளலாமே என்றால், எதைப் பார்த்து வெட்டுவது?

புதியவர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கிட் பிளான்கள் பலவற்றில் ரிப்பின் முழு வடிவம் வரையப்பட்டிருக்காது. அது மரத்திலேயே அச்சு வெட்டாக, அதாவது பலகையில் அச்சால் அழுத்தி வெட்டிய கோடாக, வந்துவிடுவதால், பிளானில் இன்னொரு முறை வரைவதற்குத் தேவை இருக்கவில்லை. ஆக, இறக்கையின் குறுக்குவெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த மெல்லிய பலகை மட்டும்தான் சாட்சி. அதை உடைத்துவிட்டால் காஸ்மிர்ஸ்கி போட்ட வளைவு போய்விட்டது. பெர்க்லி, ஸ்டெர்லிங் போன்ற கிட் கம்பெனிகள் எப்போதோ மூடிவிட்டன. அவர்களுக்குக் கடிதம் போட்டு மாற்றுப் பாகம் கேட்கவும் வழியில்லை. பழைய கிட்டில் மரம் மலிவான சரக்கு. அதே பால்சாவை இன்றும் புதிதாக வாங்கலாம். விலைமதிப்பற்றவை அதிலுள்ள கோடுகள்தான்.

அதனால் பெட்டியைத் திறந்ததும் பசையைத் தொடாதீர்கள். அச்சு வெட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து, பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்கேலும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேல் படத்தில் விழுந்தால்தான் பின்னால் அளவு சரியா என்று பார்க்க முடியும். ஸ்கேனர் இல்லையென்றால் ட்ரேசிங் பேப்பரும் கூர்மையான பென்சிலும் போதும். ஒவ்வொரு பாகத்திலும் அதன் எண்ணை எழுதிவிடுங்கள்.

பிளானைக் கடையில் கொடுத்து நகலெடுக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. பெரிய தாள் நகல் இயந்திரங்களில் காகிதம் உருளைக்கு நடுவே ஓடும்போது நீளவாக்கில் கொஞ்சம் நீண்டோ சுருங்கியோ விழலாம். 1 சதவீதம்தானே என்று விடாதீர்கள். 56 அங்குல இறக்கையில் அது அரை அங்குலத்துக்கும் மேல். உடற்பகுதியில் குறுக்குச் சட்டங்கள் பக்கப் பலகையின் வெட்டுகளோடு பொருந்தாமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நகல் கைக்கு வந்ததும் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே மூலத்தோடு அளந்து பாருங்கள். தாள் மடிப்பில் இற்றுப்போயிருந்தால், தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இயந்திரத்தில் விடச் சொல்லுங்கள்.

அப்புறம் ரிப்பை எடுக்கும் முறை. மழுங்கிய அச்சில் வெட்டிய பலகையில் முன்பக்கம் கோடு ஆழமாகவும் பின்பக்கம் மரம் நசுங்கி ஒட்டிக்கொண்டும் இருக்கும். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுக்கோடு முடி போல மேலே தெரிய ஆரம்பிக்கும். அதன் மேல் புது பிளேடு முனையை ஓட்டினால் ரிப் தானாகக் கழன்று வரும். காய்ந்து பழுப்பேறிய மரமாக இருந்தால் அந்த ரிப்பையும் விமானத்தில் போடாதீர்கள். அதை வார்ப்புருவாக வைத்து, நார் ஓடும் திசை மாறாமல், புதிய பால்சாவில் வெட்டுங்கள். மூலப் பாகங்கள் பெட்டிக்கே திரும்பிப் போகட்டும்.

அந்தப் பையனின் டாரஸுக்கு, இதே கிட்டை வைத்திருந்த ஒரு பெரியவர் தன் பலகைகளை ட்ரேஸ் செய்து கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

பலப்படுத்துகிறேன் என்று வாலில் எடை ஏற்றுவது

பழைய பிளானைப் பார்த்ததும், வால் மெலிசாக இருக்கிறதே என்று கனமான பால்சாவைப் போடுகிறார்கள். வாலில் 10 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் சுமார் 25, 30 கிராம் வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, அந்த வடிவமைப்பாளர் மூக்கில் கனமான நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். நாம் வைப்பது அதில் பாதி எடைகூட இல்லாத ஒன்று. இரண்டும் சேர்ந்தால் விமானம் வால் கனத்தோடுதான் எழும்பும். ஈயம் ஒட்டுவதற்கு முன் பெரிய பேட்டரியை டேங்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள்.

பட்டுத்துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபிலிம்

பட்டுத்துணியைப் போர்த்தி டோப் (துணியை இறுக்கும் ஒருவகை வார்னிஷ்) பூசினால் அது இறுகி, இறக்கை முறுக்காமல் பிடித்துக்கொள்ளும். 1950களின் திறந்த சட்ட இறக்கைகள் பலவும் அந்தப் பிடிப்பை நம்பி வரையப்பட்டவை. இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் ஃபிலிம் அவ்வளவு பிடிக்காது. ஃபிலிம்தான் வேண்டுமென்றால் ஸ்பார்களுக்கு (இறக்கை நெடுக ஓடும் சட்டங்களுக்கு) நடுவே செங்குத்தாக மெல்லிய பால்சா வைத்து அடைத்துவிடுங்கள். டோப் பூசுகிறவர்கள் கவனிக்க: நைட்ரேட் டோப்பை குளோ எஞ்சினின் எரிபொருள் கரைத்துவிடும், மேலே பியூட்டிரேட் டோப் வேண்டும்.

இறக்கையின் மேல்நோக்கிய கோணத்தைக் குறைப்பது

இரு இறக்கைகளின் நுனிகளும் V போல மேலே தூக்கி நிற்கும் கோணம் அழகாக இல்லை என்று குறைக்கிறார்கள். குட் சகோதரர்கள் 1930களின் இறுதியில் பறக்கவிட்ட 'கஃப்' என்ற ரேடியோ விமானம் இப்போது ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலம் தொட்டு, சுக்கானை மட்டும் அசைத்துத் திருப்பும் விமானங்களெல்லாம் அந்தக் கோணத்தை நம்பித்தான் சாய்ந்து திரும்புகின்றன. சுக்கான் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும், கோணம்தான் இறக்கையைச் சாய்க்கும். அதைக் குறைத்தால் விமானம் வழுக்கிக்கொண்டே போகும், சாய்ந்த இறக்கையைச் சுக்கானால் நிமிர்த்தவும் முடியாது. ஐலெரான் வேண்டுமென்றால் ஐலெரான் வைத்து வரைந்த கிட்டை வாங்குங்கள்.

பழைய ரேடியோ

கிராஃப்ட் கம்பெனியின் பழைய டிரான்ஸ்மிட்டர் என்றால் பெட்டியும் ஸ்டிக்கும் இருக்கட்டும், உள்ளே இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை வையுங்கள்.

பெட்டியில் குறிப்பிட்டதைவிடப் பெரிய எஞ்சின்

வேண்டாம்.

இறுகிய எஞ்சினை பிளையரால் திருப்புவது

உள்ளே இறுகியிருப்பது பெரும்பாலும் துருவல்ல, பழைய எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய். பிளையரைப் போட்டால் ஷாஃப்டின் மரை போகும், இல்லையென்றால் கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, ஹீட் கன்னால் கிராங்க் கேஸை மெதுவாகச் சூடாக்கி, மெல்லிய எண்ணெய் விட்டு, புரொப்பெல்லரைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையென்றால் மறுபடியும் சூடாக்குங்கள். சூட்டில் பிசின் இளகிவிட்டால் பிஸ்டன் விட்டுக்கொடுக்கும்.