ஸ்கூட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறீர்களா? முதலில் இறக்கும் இடத்தைப் பாருங்கள்

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது கட்டில், அலமாரி, பாத்திரங்களோடு அவளுடைய ஆக்டிவாவும் போக வேண்டியிருந்தது. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம், ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள். அண்ணனிடம் டாடா ஏஸ் உண்டு; வழக்கமாக வாழைக்குலை ஏற்றுகிற டெம்போ. விளையின் கையாலை, அதாவது எல்லைத் திட்டு, ரோட்டைவிட இரண்டரை அடி உயரம். அண்ணன் டெம்போவைப் பின்னால் எடுத்துக் கையாலையோடு ஒட்டி நிறுத்தினார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டோம். இரண்டு நிமிட வேலை.

கோயம்புத்தூரில் அவள் குடியேறிய வீட்டு முன்னால் வெறும் சமதரை. சாய்த்துப் போட்டு உருட்டி இறக்கக் கையில் பலகையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கும்போது ஒருவரின் பிடி நழுவி, முன்பக்கப் பிளாஸ்டிக் டெம்போவின் விளிம்பில் மோதிப் பிளந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு கீறல் விழாமல் வந்த வண்டி, கடைசி இரண்டரை அடியில் அடிபட்டது.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் ஐந்தாறு ஸ்கூட்டர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக, வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஏற்றத்தான் வேண்டுமா?

நம் மாவட்டத்துக்குள் என்றால் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் சுமார் 30 கிலோமீட்டர்தான்; ஓட்டியே போய்விடலாம். திருநெல்வேலி, திருவனந்தபுரம்கூட நல்ல வண்டியும் பகல் நேரமும் இருந்தால் ஓட்டுகிற தூரமே. மதுரைக்கு மேல் போகிறீர்கள், அல்லது வீட்டுச் சாமானோடு எப்படியும் ஒரு வண்டி போகிறது என்றால் மேலே படியுங்கள்.

ஓடாத ஸ்கூட்டரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதைச் சிலர் ஒரு வழியாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்னால் போகிற வண்டி பிரேக் போட்டால் பின்னால் வருகிறவருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

படி 2: மூன்று அளவுகளை எடுங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி வண்டிகள் சுமார் 6 அடி நீளம், 100 முதல் 110 கிலோ எடை. மின்சார ஸ்கூட்டர் பலவும் அதைவிடக் கனம். இது முதல் அளவு.

இரண்டாவது, ஏற்றப்போகும் வண்டியின் தளம். டாடா ஏஸின் தளம் 7 அடிக்குக் கொஞ்சம் மேல். ஸ்கூட்டரை நேராக நிறுத்திப் பின்கதவையும் சாத்திவிடலாம். பொலிரோ பிக்கப்பில் இன்னும் தாராளம். ஆனால் நாலு கதவு உள்ள டபுள் கேபின் பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பின்தளம் 5 அடி அளவுதான் இருக்கும். நேராக வைத்தால் பின்சக்கரம் வெளியே தொங்கும். மூலைக்கு மூலை சாய்வாக நிறுத்தினால்தான் இடம் பிடிக்கும். வண்டியின் உடம்பைத் தாண்டிச் சுமை அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய். அதோடு, இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்.

மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுகிற அளவு: தரையிலிருந்து தளம் எவ்வளவு உயரம்? ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் அந்த உயரத்துக்கு என்ன வழி? அண்ணன் இப்போதெல்லாம் லோடு பேச வருகிறவரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “மக்கா, இறக்குற இடத்துல மேடு உண்டா?” இல்லை என்றால் பலகை டெம்போவிலேயே ஏறிவிடும்.

படி 3: எந்த வழி?

காரின் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, அதில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு போகும் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். நம்முடைய சின்னக் கார்களுக்கு இது வேண்டாம் என்பேன். காரணம் எடை மட்டும் இல்லை, அந்த எடை தொங்குகிற இடம். காருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்தால் அவர்கள் எடை நாலு சக்கரத்துக்கும் பிரியும். அதே எடை பின் அச்சைத் தாண்டி மூன்று நாலு அடி வெளியே தொங்கினால், கார் சீசா பலகை மாதிரி பின்னால் அமுங்கி முன்னால் தூக்கும். திருப்புவதும் முன்சக்கரம்தான், பிரேக்கில் பெரும்பங்கும் முன்சக்கரம்தான். அது தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் வளைவில் கார் நம் பேச்சைக் கேட்காது. போதாததற்கு நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்துவிடும்.

ரயில் நல்ல வழி, முக்கியமாகச் சென்னை மாதிரி தூரங்களுக்கு. நாகர்கோவில் சந்திப்பில் பார்சல் அலுவலகம் இருக்கிறது. நீங்களும் அதே ரயிலில் போவதாக இருந்தால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். போகவில்லை என்றால் பார்சல். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். சாக்கும் வைக்கோலும் வைத்து நன்றாகப் பொதியச் சொல்லுங்கள், ஏனென்றால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். ரயில் ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கிற ஊருக்குப் பதியாமல், கடைசி நிலையம் அல்லது பெரிய சந்திப்புக்குப் பதிந்தால் நிம்மதி.

மற்றபடி வீட்டுச் சாமானும் போகிறது, ஆளும் கூடப் போகிறார் என்றால் டெம்போவோ பிக்கப்போதான் என் தேர்வு. நம் கண் முன்னால் ஏறி, நம் கண் முன்னால் இறங்கும்.

ஒரு விஷயம். விரிவான இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், ஸ்கூட்டர் சாலையிலோ ரயிலிலோ சுமையாகப் போகும்போது ஏற்படும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் கிடையாது. கிளம்புமுன் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

படி 4: ஏற்றுவது

கையாலையோ திட்டோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. எங்கள் கல்குளம், விளவங்கோடு தாலுகா பக்கமெல்லாம் ரோடு பள்ளத்திலும் விளை மேட்டிலும் கிடப்பதால் தேடினால் ஒரு இடம் அகப்படும். தளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே இடைவெளி விழாதபடி ஒரு துண்டுப் பலகையைப் போட்டுவிட்டு உருட்டுங்கள்.

மேடு இல்லை என்றால் சாய்வுப் பலகை. இரண்டரை அடி உயரத்துக்கு 8 அடிப் பலகை வேண்டும். உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற 5 அடிப் பலகையைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். அது செங்குத்தாக நிற்பதால் தள்ளுவது கஷ்டம் என்பது ஒரு பக்கம். முன்சக்கரம் தளத்தில் ஏறி, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும் அந்த நொடியில் ஸ்கூட்டரின் அடிவயிறு விளிம்பில் தட்டி நின்றுவிடும். சென்டர் ஸ்டாண்ட் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. நாங்கள் வைத்திருப்பது அயினி மரப் பலகை, ஒரு அடி அகலம், இரண்டு இஞ்சு கனம். மேல்முனையைக் கட்டாயம் டெம்போவோடு கட்டிவிடுங்கள். சக்கரம் ஏறும்போது பலகை பின்னால் உதைத்து நழுவும். அப்படித்தான் விபத்து நடக்கிறது.

மூன்று பேர் வேண்டும். ஒருவர் இடதுபக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து, விரலைப் பிரேக்கிலேயே வைத்திருக்க வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து கிராப் ரெயிலை, அதாவது பின்சீட்டுக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். மூன்றாமவர் டெம்போ மேலே நின்று முன்பக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கட்டும். கியர் இல்லாத வண்டி. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் முறுகினாலும் பாய்ந்துவிடும். மேலே ஓட்டி ஏற்றுகிற ஆட்களைப் பார்த்து நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

படி 5: கட்டுவது

இங்கே பொறுமை வேண்டும். ஸ்கூட்டர் முன்னோக்கி, தளத்தின் நடுவில். முன்சக்கரத்துக்கும் கேபின் சுவருக்கும் நடுவே ஒரு பழைய டயர். அப்புறம் சென்டர் ஸ்டாண்டைப் போடத்தான் கை போகும். போடாதீர்கள். குழியில் டெம்போ குதிக்கும்போது மொத்த எடையும் அந்த இரண்டு கம்பிக் கால்களில் இறங்கும். ஸ்டாண்ட் வளையும், அல்லது வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். இறங்கிய நொடியில் அத்தனை கட்டும் தளர்ந்து போகும். இரண்டு சக்கரத்திலும் நிற்க வைத்து, நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டுவதே சரி.

கயிற்றைவிட ராட்செட் பெல்ட் நல்லது. நெம்பியை ஆட்ட ஆட்ட பெல்ட் இறுகும், அதிர்ச்சியில் அவிழாது. முன்பக்கம் இரண்டு பெல்ட்: கண்ணாடிக் கம்பியிலோ பிரேக் லீவரிலோ பிளாஸ்டிக்கிலோ மாட்டாமல், உள்ளே இருக்கும் இரும்பில் மாட்டுங்கள். பின்பக்கம் கிராப் ரெயிலில் இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்து முன் ஷாக் அப்சார்பரைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். இரண்டு விரற்கடை அமுங்கினால் போதும், அதோடு நிறுத்திவிடுங்கள். முழுக்க அமுக்கிக் கட்டினால் எண்ணெய் சீல் போய்விடும்; அமுங்கவே இல்லை என்றால் முதல் குழியிலேயே பெல்ட் தொளதொளத்துவிடும். இடமும் வலமும் சமமாக இறுக வேண்டும். பெல்ட் உராயும் இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். சூடான சைலன்சர் மேல் பெல்ட் படக் கூடாது.

ஸ்கூட்டரைப் படுக்க வைத்துக்கொண்டு போவது வேண்டாம். பெட்ரோல் ஒழுகும், இன்ஜின் ஆயிலும் போகக் கூடாத இடத்துக்குப் போகும். ஒருவரைப் பின்னால் ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் வேண்டாம். பெல்ட் பிடிக்காததை ஒரு ஆள் பிடிக்க முடியாது. வண்டி சரிந்தால் அவர் மேல்தான் சரியும்.

படி 6: வழியில்

முதல் பதினைந்து கிலோமீட்டரில் கட்டுகள் கொஞ்சம் இளகும். நாகர்கோவிலிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி சரியான இடம். நிறுத்தி, நாலு பெல்ட்டையும் கையால் சுண்டிப் பாருங்கள். ஒரு சாயா குடிக்கிற நேரம்தான்.

அங்கேயே நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணவாயைத் தாண்டினால் முப்பந்தல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். தார்ப்பாயைத் தளர்வாகப் போர்த்தியிருந்தால் அது பாய்மரம் மாதிரி உப்பி, ஸ்கூட்டரையே பக்கவாட்டில் இழுக்கும். ஒன்று, தார்ப்பாயை உடம்போடு ஒட்டக் கட்டுங்கள். இல்லை என்றால் போர்த்தாமலே கொண்டுபோங்கள். மழையில் நனைந்தால் ஸ்கூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: TN 74, TN 75 பதிவு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

படி 7: இறக்குவது

வீட்டில் எல்லோரும் களைத்திருப்பார்கள், இருட்டியிருக்கும், “சும்மா தூக்கி வச்சிரலாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் பலகையைப் போடுங்கள். பின்சக்கரம் முதலில் இறங்கட்டும். மேலே நிற்பவர் ஹேண்டில்பாரோடு இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து விட வேண்டும், கீழே இருவர் பக்கத்துக்கு ஒருவராக. நேர் கீழே, வண்டியின் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. நாலு பெல்ட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். பின்னிரண்டை முதலில் அவிழ்த்து, ஹேண்டில்பாரை ஒருவர் கையில் கொடுத்த பிறகு முன்னிரண்டை அவிழுங்கள்.

இறக்கியதும் டயர் காற்று, இரண்டு பிரேக், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். போன மாதம் தங்கையின் மகனுக்கு மதுரையில் இறக்கிக் கொடுத்தபோது, அவன் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, “மாமா, பலகையை மறந்துராதீங்க, அடுத்த வீட்டுக்காரரும் கேட்டாரு” என்றான்.