மகதலேனா மரியாளுக்குக் கூந்தலை விரித்துவிடாதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கினால் களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கத்துச் சபைகளில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலையும் தொடங்கிவிடும். வேதாகமப் பெண்களைப் படக்கதையாக்க முதன்முதலில் தூரிகை எடுப்பவர்கள் ஆண்டுதோறும் ஒரே குழியில் விழுகிறார்கள். ஏவாளை வெள்ளைக்காரியாக வரைவதெல்லாம் எவர் கண்ணிலும் படும். அதை விடுவோம்.

மகதலேனா மரியாள் 'பாவியான ஸ்திரீ' அல்ல

லூக்கா 7-ல் பரிசேயன் சீமோன் வீட்டில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்தவளுக்குப் பெயரே கிடையாது. மகதலேனா மரியாள் வருவது 8:2-ல், ஏழு பிசாசுகள் நீங்கியவளாக. அவளுடைய நடத்தையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் ஆகியோரோடு தன் ஆஸ்தியைச் செலவழித்து ஊழியத்தைத் தாங்கியவள் என்றுதான் இருக்கிறது.

591-ல் போப் கிரகோரியார் தம் பிரசங்கத்தில் இவளையும், அந்தப் பெயரில்லாதவளையும், மார்த்தாளின் சகோதரியான பெத்தானியா மரியாளையும் ஒருத்தியாக்கினார். கத்தோலிக்க நாட்காட்டி 1969-லேயே அதைப் பிரித்துவிட்டது. 2016-ல் அவளுடைய ஜூலை 22 நினைவுநாள் விழாவாகவும் உயர்ந்தது. ஆனாலும் நம் பிள்ளைகளின் புத்தகத்தில் சிவப்பு உடையும் விரித்த கூந்தலும் போகவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

இதில் பணமும் போகும். இவர்களை ஒருத்தியாக்கி வரைந்தால் சீமோன் வீடு, சிலுவையடி, கல்லறை என மூன்று இடத்திலும் அதே உருவம் வரும். ஒன்று தவறினால் மூன்றும் போச்சு. அச்சான பிறகு தெரிந்தால் இன்னும் மோசம். நடுவில் பின் அடிக்கும் 24 பக்கப் புத்தகத்தில் 9, 10, 15, 16 நான்கும் ஒரே தாள். 9-ஐ மாற்றினால் மற்ற மூன்றையும் சேர்த்தே அடிக்க வேண்டும்.

யோவான் 20-ஐத் திறந்து வைத்துக்கொண்டு வரையுங்கள். இன்னும் இருட்டு. கல் புரண்டிருக்கிறது. அவள் அழுகிறாள். இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அந்தப் படத்தில் அவருக்கு ஒளிவட்டம் போட்டால், "இவளுக்கு ஏன் தெரியல?" என்று முதல் வரிசைப் பிள்ளையே கேட்கும். "மரியாளே" என்று அவர் கூப்பிட்ட பிறகு முகத்தில் வெளிச்சம் விழட்டும்.

ரூத்தின் வயலில் தண்ணீர் நிற்காது

நாஞ்சில் நாட்டுக் கை தானாகவே நெல்வயலும் வரப்பில் தென்னையும் போட்டுவிடும். பெத்லகேமில் அது வாற்கோதுமை அறுப்பு, காய்ந்த நிலம். கதிரில் நீண்ட மீசை இருக்க வேண்டும், பெயரிலேயே வால் இருக்கிறதே. அறுப்பவர்கள் விட்ட கதிரை அன்று ரூத் பொறுக்கித் தட்டியது ஏறக்குறைய ஒரு மரக்கால் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. மூலத்தில் அது ஒரு எப்பா, சுமார் 22 லிட்டர். கைப்பிடிக் கதிரை வரைந்தால் மாமியார் நகோமியின் வியப்பு புரியாது. முதுகை வளைக்கும் மூட்டையாக வரையுங்கள்.

யாகேலின் கூடார ஆணி

தூங்கிய சிசெராவின் தலையில் ஆணி அடித்துக் கொன்ற கதை. ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம்.

பெயர்கள்

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைக்குச் சாராள், மார்த்தாள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திருவிவிலியத்தின் சாரா, மார்த்தா. எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். ஒரே புத்தகத்தில் 3-ஆம் பக்கம் மார்த்தாள், 5-ஆம் பக்கம் மார்த்தா என்றால் பிள்ளைகள் அக்கா தங்கை என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையான சகோதரி மரியாளையும் சேர்த்தால் மூன்று பேர்.

எழுத்தின் அளவு

கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். பக்கத்துக்கு 25 சொல், 18 பாயின்ட். படத்தின் மேல் எழுத்தை ஏற்றாதீர்கள்.