மூளை ஸ்கேன் படம் பார்க்கப் பழகுவோம்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

எது உசத்தி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எது எதைக் காட்டும் என்று தெரிந்தால் அந்தக் கேள்வியே வராது. இரண்டு ஃபிலிம்களையும் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பக்கம். படத்தின் இடப்பக்கம் பொதுவாக நோயாளியின் வலப்பக்கம். அவர் படுத்திருக்க, நீங்கள் கால்மாட்டில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மண்டையோடு. பளீரென்ற வெள்ளை வளையம் என்றால் சி.டி. எக்ஸ் கதிரை எலும்பு நன்றாகத் தடுக்கும். எம்.ஆர்.ஐ.யில் சிக்னல் வருவது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து. கெட்டி எலும்பு அங்கே கருப்புக் கோடுதான்.

படி 3: நீர். மூளையின் நடுவில் இரண்டு கொம்புகள் போல வளைந்த அறைகள் தெரியும். அவற்றில் இருப்பது மூளைத் தண்டுவட நீர். சி.டி.யில் அது கருப்பு. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2, ஃபிளேர் என்று பல வகைப் படங்கள் உண்டு. நீர் வெள்ளையாக இருந்தால் டி2. கருப்பாக இருந்தால்? டி1 ஆகவும் இருக்கலாம், ஃபிளேராகவும் இருக்கலாம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சரி, இப்போது திசுவைப் பாருங்கள். உள்ளே உள்ள வெண்பொருள், ஓரத்துச் சாம்பல் பொருளைவிட வெளுப்பாக இருந்தால் டி1. கருமையாக இருந்தால் ஃபிளேர். பெரியவர்களின் மூளைக்கு இது பொருந்தும், கைக்குழந்தைகளுக்குப் பொருந்தாது.

படி 4: ரத்தம். இதில் சி.டி.யை நான் பெரிதும் மதிக்கிறேன். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி. எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும், அவர் பெயரிலுள்ள அளவுகோலில் நீர் 0, காற்று -1000. மூளைத் திசு சுமார் 20 முதல் 40. புதிதாகக் கசிந்த ரத்தம் சுமார் 50 முதல் 70. அதனால் கசிவு வெள்ளைத் திட்டாகப் பளிச்சென்று தெரியும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் உள்ளே கசிவு இருந்தால் அதே ஊசி உயிருக்கு ஆபத்து. அந்தச் சந்தேகத்தைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடுவதால்தான் முதலில் சி.டி. எடுக்கிறார்கள்.

படி 5: அடைப்பு. ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. இயல்பாகவே தெரியலாம். வாய் கோணியிருக்க, கை தூக்க முடியாமல் இருக்க, 'சி.டி. நார்மல்' என்று நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யில், திசுவுக்குள் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் பெரும்பாலும் சீக்கிரமே வெள்ளையாக ஒளிரும். அப்புறம், பக்கத்தில் அந்த அசைவின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. என்று ஒரு படம் இருக்கும். அதே இடம் அதில் கருப்பாக இருந்தால் அடைப்பு புதியது. இரண்டிலும் வெள்ளை என்றால் அது பழைய தழும்பாக இருக்கலாம்.