லேடெக்கில் தமிழ் நூல்: எழுத்துரு அமைப்பில் செய்யக்கூடாதவை

நூல் பக்கங்களை அமைக்கும் லேடெக் நிரலின் ஒரு வடிவமான லுவாலேடெக்கில் எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, 'தெரு' என்று அடித்துப் பாருங்கள். தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். உடனே எழுத்துரு பழுது என்று வேறொன்றைத் தேடிப் போகிறார்கள். பழுது அங்கே இல்லை. எழுத்துமுறை தமிழ் என்பதையும், எழுத்துகளைக் கோக்கும் வேலை ஹார்ஃப்பஸ் என்னும் நிரலுக்கு உரியது என்பதையும், எழுத்துருக்களை ஏற்றும் தொகுப்பான ஃபான்ட்ஸ்பெக்கிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். டெக் நிரல்களை ஒன்றாகத் தரும் டெக் லைவின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக்குடனேயே ஹார்ஃப்பஸ் வருகிறது.

அடுத்தது, என்னை மிகவும் வருத்தும் தவறு. வரி ஓரத்தை மீறி ஓடினால் எழுத்தமைப்பைச் செம்மைப்படுத்தும் மைக்ரோடைப் தொகுப்பைத் திறந்து, எழுத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவை ஏற்றிக்கொண்டே போவது. அதன் இயல்பான அளவு 2 சதவீதம்தான். அதற்கு மேல் போகப் போக ழகரத்தின் வளைவும் ஞகரத்தின் சுழியும் வரிக்கு வரி வேறு முகம் காட்டும். லேடெக்கின் இன்னொரு வடிவமான சீலேடெக்கில் இந்த வசதியே கிடையாது; நிறுத்தக்குறிகளை ஓரத்துக்கு வெளியே சற்றுத் தள்ளும் வசதி மட்டும் உண்டு. வரி ஓரத்தை மீறுவதற்கு உண்மையான காரணம் வேறு. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல்லை எங்கே முறிக்கலாம் என்று நிரலுக்குத் தெரியவில்லை. மொழிகளைக் கையாளும் தொகுப்புகளான பேபலிலோ பாலிகிளாசியாவிலோ நூலின் மொழி தமிழ் என்று முதலில் அறிவியுங்கள். தமிழுக்கான முறிப்பு விதிகள் டெக் லைவிலேயே இருக்கின்றன. நம் அச்சு வழக்கப்படி வரிக்கடைசியில் சிறுகோடு வேண்டாமென்றால், லுவாலேடெக்கை இயக்கும் லுவாடெக்கில் முறிப்புக் குறியின் எண்ணைச் சுழியமாக்கினால் போதும்.

தலைப்பை எடுப்பாகக் காட்ட எழுத்துகளுக்கிடையே இடம் விடுவது ரோமன் எழுத்தின் பழக்கம். தமிழுக்கு அது கேடு. சீலேடெக்கை இயக்கும் சீடெக் அந்த இடைவெளியை உயிர்மெய்க்கு உள்ளேயும் புகுத்திவிடும். 'கொ'வில் கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். தலைப்புக்குப் பருமனையோ அளவையோ கூட்டுங்கள்.

சாய்வெழுத்திலும் ஏமாறுகிறார்கள். பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லை. லேடெக் எச்சரிக்கையைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு, நேர் எழுத்தையே அச்சிடும். ஆசிரியர் அழுத்திச் சொன்ன சொல் அப்படியே மறைந்துபோகும்.

மேற்கோள் குறிகளையும் கவனியுங்கள். முதன்மை எழுத்துருவில் தானாகச் சுருளும் குறிகள், தமிழுக்கென்று தனியாக அறிவித்த எழுத்துருக் குடும்பத்தில் தட்டச்சிட்டபடியே நிற்கும். குறிகளை இப்படிச் சுருட்டும் 'டெக் இணைப்புகள்' என்னும் வசதியை அங்கேயும் கேட்டு வாங்க வேண்டும்.