ஐம்புள்ளிப் பூவை அடையாளம் காண்பது எப்படி?

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், நல்ல மழை பெய்த ஆண்டின் வசந்த காலத்தில், 'டெசர்ட் ஃபைவ்-ஸ்பாட்' எனப்படும் ஐம்புள்ளிப் பூவைக் காணும் வாய்ப்பு உண்டு. அங்குள்ள டெத் வேலி தேசியப் பூங்காவின் தாழ்வான பகுதிகளில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தேடுவது நல்லது.

இளஞ்சிவப்பு அல்லது வெளிர் ஊதா நிறமுள்ள இதன் 5 இதழ்கள் உட்புறமாகக் குவிந்து சிறு கிண்ணம்போல் நிற்பதால், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு முக்கிய அடையாளம் தெரியாமலே போகலாம். குனிந்து, மேலிருந்து பூவின் உள்ளே பாருங்கள். ஒவ்வோர் இதழின் அடியிலும் அடர்சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தால் ஐயமே வேண்டாம். அந்த ஐந்து புள்ளிகளையும் ஒருசேரக் காணும் கணம் மிக அழகானது.

நடுவில் மகரந்தத் தாள்கள் ஒரே தண்டாக இணைந்திருப்பது நமக்குப் பழகிய செம்பருத்தியை நினைவூட்டும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண்டையும் பூவரசும்கூட அக்குடும்பமே. இலைகள் ஏறத்தாழ வட்டமாகவும், விளிம்பில் பற்களுடனும் இருக்கும். இதே குடும்பத்தின் ஏப்ரிகாட் மாலோவும் அங்கே பூக்கும் என்றாலும், அது பல ஆண்டு வாழும் புதர். பூ ஆரஞ்சு நிறம். ஐம்புள்ளியோ ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து மடியும் சிறு செடி.

பூ இரவில் மூடிக்கொள்ளும் என்பதால் பகலில் செல்லுங்கள். தேசியப் பூங்காவுக்குள் பூப்பறிக்கத் தடை உள்ளது. படம் எடுத்துக்கொண்டால் போதும்.